தலைவர் கடைசியில் பேசட்டும்

ஜமால் பாய் போய்விட்டால் பத்து நாளுக்குள் அவர் எழுதி வாங்கும் சீட்டுகளையும் நிறுத்திவிடுவார்கள் என்று போன வருஷமே சொன்னவன் நான். அப்படியேதான் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்றாள் அவர் மகள். பாலம் தாண்டி ஓடினேன். பாய் வெங்காய வியாபாரி அல்லவா, காந்தி மார்க்கெட்டில் அன்று ஒரு லாரிகூடச் சரக்கு இறக்கவில்லை.

ஆஸ்பத்திரி நோயாளிகளின் துணையாட்களுக்கு நாங்கள் நடத்தும் இலவச விடுதி உங்களுக்குத் தெரியும். நிர்வாகக் குழுவில் ஒன்பது பேர், செயலாளர் பாய். வருஷத்துக்கு ஒருமுறை ஆளுக்கொரு சீட்டுக் கொடுப்பார். பெயர் போட வேண்டாம். "நாம ஒம்பது பேரும் சேர்ந்து வேல செய்யிறோமா, சேர்ந்து டீ குடிக்கிறோமா? அத மட்டும் எழுதுங்க" என்பார். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் அதன் அருமை முதலில் புரிந்தது எனக்குத்தான்.

முதல் வருஷம் எட்டுச் சீட்டில் 'எல்லாம் நன்று'. ஒன்பதாவதில், 'தலைவர் பேசி முடித்ததும் தலையாட்டுகிறோம், அவ்வளவே.' எழுதியவன் அடியேன். தலைவர் கொதித்தார்.

"எவன்யா இத எழுதுனது?"

"ஆளத் தேடாதீங்க தலைவரே. எழுதுனது பொய்யா, சொல்லுங்க."

"அப்ப நான் பேசவே கூடாதா பாய்?"

"தாராளமா பேசுங்க. கடைசியில பேசுங்க."

அடுத்த கூட்டத்தில், பெண்கள் தங்கும் அறையை அலுவலகமாக்கும் தீர்மானம் வந்தது. தலைவரின் ஆசை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் முறை கடைசி. அதுவரை வாயே திறக்காத செல்வி அக்கா எழுந்தார்.

"அந்தப் பொம்பளைங்க எங்க படுப்பாங்க? வராண்டாவுலயா? நீங்க படுப்பீங்களா?"

அதன்பின் ஒரு கைகூட உயரவில்லை. அறை தப்பியது. இன்றும் பெண்கள் அங்கேதான் படுக்கிறார்கள்.

பாயை அடக்கம் செய்த ஒன்பதாம் நாள் குழு கூடியது. தலைவர் முதலிலேயே பேசினார். "சீட்டெல்லாம் பாயோடவே போகட்டும்." தலைகள் ஆடின. செல்வி அக்கா மட்டும் என்னைப் பார்த்தார்.

"போகாதுங்க" என்றேன். "நீங்க குடுக்காட்டி நான் நோட்டக் கிழிச்சுக் குடுப்பேன்."

கொடுக்கத்தான் போகிறேன். என் சீட்டில் பெயரும் போடுவேன். வேண்டுமானால் என்னை நீக்கட்டும். பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது 'எழுதுனது பொய்யா?' என்ற அந்த ஒரு கேள்விதான். அது என்னையும் விடவில்லை. அந்த ஒன்பதாவது சீட்டை எழுதியவன் நானல்ல. யாரென்று இன்றுவரை தெரியாது. அன்று நான் எழுதியது, 'எல்லாம் நன்று.'