விறகு அறையும் எட்டுப் பேரும்

கணக்கில் தப்புச் செய்தால் வாத்தியாருக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் தப்புச் செய்தால் தெருவில் போகிறவனெல்லாம் நின்று சிரிப்பான். சுண்ணாம்பில் கை வெந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் வெந்ததாக நினைத்துக்கொண்டு படியுங்கள்.

சேர்ந்த விதம்

ஐம்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் எங்கள் ஹைஸ்கூலில் ஒரு தொழில் பிரிவு ஆரம்பித்தார்கள். தமிழ், இங்கிலீஷ், கணக்கோடு தச்சும் கொத்து வேலையும் படித்து எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம். "இங்கிலீஷ் தகராறு பண்றவங்க இதுக்குப் போகலாம்" என்று ஹெட்மாஸ்டர் அசெம்பிளியில் சொன்னதும் எட்டுப் பேர் எழுந்து நின்றோம். அதில் நான் வடகவுஞ்சிக்காரன். ஹாஸ்டலில் எனக்கு அடுத்த பாயில் படுக்கிறவன் வீரணன், மேல்மலைப் போளூர்க்காரன். அவன் எழுந்தான், நானும் எழுந்தேன். அவ்வளவுதான் என் லட்சியம்.

தொழில் வாத்தியார் திண்டுக்கல்காரர். பட்டாளத்தில் பாலம் கட்டிவிட்டு வந்தவர். முப்பது வயதுகூட இருக்காது. பாலத்துக்குப் பயப்படாத மனுஷன் கொடைக்கானல் குளிருக்குப் பயந்து காதை மூடுகிற குல்லாவோடுதான் பாடம் நடத்துவார். கோபம் வந்தால் அந்தக் குல்லாவைக் கழற்றித் தரையில் அடிப்பார். முதல் நாளே, "ஹாஸ்டலுக்கு ஒரு விறகு அறை கட்டப் போறோம்" என்றார். பழகிவிட்டு இடித்துப் போடுகிற சுவர் இல்லை, கதவும் கூரையுமாக நிஜ அறை.

இந்தச் செய்தி போளூருக்குப் போய், வீரணனின் அய்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்த கையோடு பள்ளிக்கூடத்துக்கும் வந்துவிட்டார். மகன் சாந்து குழைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். முகம் போன போக்கை என்னவென்று சொல்ல! படிப்பை நிறுத்திக் கூட்டிப்போகத்தான் வந்திருந்தார் போல. வாத்தியார் கெஞ்சோ கெஞ்சென்று கெஞ்சினார். கடைசியில் அய்யா சொன்னது: "மண்ணு கொழைக்கப் பள்ளிக்கூடம் எதுக்குங்க? சரி, சித்திரை வரைக்கும் பாக்கேன். இவன் கட்டுனதுன்னு ஒண்ணு நிக்கணும். நிக்கலேன்னா கெழங்குக் காட்டுக்கு வந்துரணும்."

கை

சுண்ணாம்புச் சாந்தைக் கையால் தொடாதே, கரண்டியால் எடு என்று வாத்தியார் நூறு தடவை சொல்லியிருப்பார். கேட்டோமா? முதல் மாதத்திலேயே விரல் நுனியெல்லாம் வெடித்து, சோற்றில் குழம்பு ஊற்றினால் கண்ணில் தண்ணீர் வரும். தினமும் சாயங்காலம் வாத்தியாரே தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வரிசையாக உட்காரவைத்துத் தடவிவிடுவார். தடவிக்கொண்டே திட்டுவார். அப்படித் திட்டு வாங்குவதில் ஒரு சுகம் இருந்தது.

லீவுக்கு வீட்டுக்குப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏன்டா, ஒன்னயப் பேனா பிடிக்கத்தான அனுப்புனேன்? அந்தப் பேனா என்ன கொதிக்கக் கொதிக்கவா குடுக்காங்க?"

நிலை

கொத்து வேலையில் வாசல் நிலை நிறுத்துவது கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடுவது மாதிரி. அது சாய்ந்தால் கதவு சாயும், சுவர் சாயும், கட்டினவன் பேரும் சாயும். எங்களில் கை நிதானம் வீரணனுக்குத்தான். வாத்தியார் அவனிடமே நிலையை ஒப்படைத்தார். அவனும் தூக்குக்குண்டு பிடித்து, நிலையின் இரும்புப் பட்டையைக் கல்லோடு கடிக்கவிட்டு நிறுத்தினான். வாத்தியார் சுற்றிச் சுற்றிப் பார்த்து "பாஸ்" என்றார். நாங்கள் கைதட்டினோம்.

மறுநாள் வந்து பார்த்தால் நிலை தரையில் கிடக்கிறது! வீரணன் வெள்ளனே எழுந்து வந்து, சாந்து இறுகும் முன்னே பிரித்துவிட்டான். நூலளவு வெளியே சாய்ந்திருந்ததாம். வாத்தியாரின் குல்லா தரைக்கு வந்தது. "நான் பாஸ் போட்டதப் பிரிக்கிறதுக்கு நீ யார்லே?" என்று கத்தினார். வீரணன் கரண்டியைக் கீழே வைக்காமலே மெதுவாகச் சொன்னான்: "ஒங்க கண்ணுக்குப் பாஸ் ஆயிருச்சு சார். எங்கய்யா கண்ணு வேற சார்." அன்றைக்கே நிலையை மறுபடி நிறுத்தினான்.

கம்பளி

தையில் பூச்சு வேலை. பூசிய சுவருக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், இல்லையா? திண்டுக்கல் வழக்கப்படி சாயங்காலம் சொதசொதவென்று நனைக்கச் சொன்னார் வாத்தியார். நனைத்தோம். ராத்திரி உறைபனி. காலையில் சுவரைத் தொட்டால் பூச்சு அப்பளமாகக் கையோடு வருகிறது. வீரணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சித்திரை நெருங்கிக்கொண்டிருந்ததே! வாத்தியார் ஒரு வார்த்தை எங்கள் மேல் பழி சொல்லவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே முழுச் சுவரையும் சுரண்டினார். குளிரில் மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூட நிற்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த மனுஷனை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது.

மறுபடியும் பூசினோம். தண்ணீரை உச்சிவெயிலுக்கு மாற்றினோம். ராத்திரிப் பனிக்கு என்ன செய்வது? வீரணன் ஹாஸ்டலுக்குப் போய்த் தன் கம்பளியைக் கொண்டுவந்து சுவரில் தொங்கவிட்டான். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொருவராகப் போய் எடுத்து வந்தோம். கம்பளிகள் பத்தாத இடத்தில் வாத்தியாரின் பட்டாளத்து ஓவர்கோட்டு தொங்கியது. விடிகாலையில் எண்ணிக்கை எடுக்க வந்த வார்டன், ஒருவர் மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டு நடுங்கும் எட்டுப் பேரையும் பார்த்தார். பின்பக்கம் போய்ச் சுவரையும் பார்த்துவிட்டு வந்தார். "புள்ளைக நடுங்குது, செவுரு போத்திக்கிட்டுத் தூங்குது. இதுக்குப் பேரு படிப்பா?" என்றார். ஆனால் அன்று காலை எங்களுக்கு மட்டும் ஆளுக்கு ரெண்டு தம்ளர் சுக்குக் காப்பி வந்தது.

குதிரை

சித்திரை பிறக்கும் முன்னே அய்யா வந்துவிட்டார். சந்தைக்குப் பூண்டு ஏற்றி வந்த மட்டக்குதிரையோடு நேராக விறகு அறைக்கு முன்னால் வந்து நின்றார். நாங்கள் வரிசையாக நிற்கிறோம். அய்யா உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். அதற்குக் குதிரையை எங்காவது கட்ட வேண்டும். மேல்மலைக்காரர்களுக்கு நின்றுகொண்டிருப்பது எதுவானாலும் குதிரை கட்டுகிற தூண்தான். மனுஷன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எங்கள் வாசல் நிலையில் போட்டாரே ஒரு முடிச்சு!

வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் ரோட்டில் சீசனுக்கு வந்த கார் ஒன்று வளைவில் பாம் பாமென்று ஹாரன் அடித்தது. குதிரை மிரண்டு, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு, பூண்டு மூட்டையோடு சேர்ந்து ஒரே இழுப்பு. செத்தோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். படாரென்று சத்தம். திறந்து பார்த்தால் கயிறு அறுந்து, மூட்டை சரிந்து, பூண்டெல்லாம் புல்லில் சிதறிக் கிடக்கிறது; குதிரை ரோட்டோரம் போய் நிற்கிறது. நிலை? வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. ஒரு மயிரிழை விரிசல் இல்லை, சாமி!

அய்யா பூண்டைப் பார்க்கவில்லை, குதிரையையும் பார்க்கவில்லை. நிலையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தோளைக் கொடுத்து முட்டிப் பார்த்தார். "ஏலே, இத நட்டது ஆரு?" என்றார். நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து வீரணன் பேரைக் கத்தினோம். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"கெழங்கு வெட்ட நான் கூலிக்கு ஆள் பாத்துக்கிடுதேங்க. பய இங்கனயே கெடக்கட்டும்."

பிற்பாடு மதுரையிலிருந்து ஒரு அதிகாரி வந்து, விறகு அறையை அளந்து பார்த்து, எங்களுக்கு மார்க் போட்டுவிட்டுப் போனார் என்பது வாஸ்தவம்தான் என்றாலும், எங்கள் எட்டுப் பேரையும் பாஸ் போட்டது போளூர்க் குதிரைதான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்லுவேன்.