நான் திருஷ்டி பொம்மையாக இருந்த ஞாயிறுகள்

ஐம்பத்திரண்டு வயதில் ஒருவன் துப்பாக்கியோடு பாராசூட்டில் குதிக்கிறான் என்றால், ஒன்று அவனுக்கு நாட்டுப்பற்று முற்றியிருக்க வேண்டும், அல்லது அவன் மகள் வெளியூரில் இருக்க வேண்டும். எனக்கு இரண்டாவது.

மகள் புனேவுக்கு வேலைக்குப் போன புதிதில் தினமும் போன் செய்தோம். "சாப்டியா?" "ம்." "என்ன சாப்ட்ட?" "சாப்பாடு." "வேலை எப்படிப் போகுது?" "போகுது." நாற்பது விநாடியில் முடிந்துவிடும். பிழைப்புக்காக நான் செய்வது மிக்ஸி, குக்கர், வாஷிங் மெஷின் போன்றவற்றோடு வரும் கையேடுகளைத் தமிழில் எழுதுவது. அவற்றில்கூட இதைவிட உணர்ச்சி அதிகம். 'எச்சரிக்கை' என்ற சொல்லாவது அங்கே இரண்டு பக்கத்துக்கு ஒரு முறை வரும்.

தீபாவளிக்கு வந்தபோது பார்த்தேன். சோபாவில் மல்லாந்து படுத்து, காதில் ஹெட்போன் மாட்டி, போனில் ஏதோ ஆடிக்கொண்டிருந்தாள். ஆடுவது மட்டுமில்லை, பேசிக்கொண்டே இருந்தாள். சிரித்தாள். மேனேஜரைத் திட்டினாள். எங்களுக்கு நாற்பது விநாடியாகக் கிள்ளிக் கொடுத்த பேச்சையெல்லாம் அங்கே படி படியாக அளந்துகொண்டிருந்தாள்.

"இதுல நானும் வரலாமா?" என்று கேட்டேன்.

"அப்பா, இது கேரம் இல்ல."

ஆனால் அவர்கள் குழுவுக்கு நாலு பேர் வேண்டும். நாலாவதாக இருந்த பெண்ணுக்குக் கல்யாணமாகி அவள் ஆட்டத்தை விட்டிருந்தாள். ஆக, கருணை அடிப்படையில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மற்ற இரண்டு பேர் மகளோடு கல்லூரியில் படித்தவர்கள்: எங்கள் ஊரிலேயே அடுகோடியில் இருக்கும் ஒரு பையன், சென்னையில் இருக்கும், அதிகம் பேசாத ஒரு பெண். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் நால்வரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே தீவில் குதிப்போம். ஆங்காங்கே கிடக்கும் துப்பாக்கியைப் பொறுக்கிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களைச் சுட்டுக்கொண்டு, கடைசி வரை உயிரோடு இருக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. வாழ்க்கையிலும் இதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லித் தரப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் வீடு மர்பி டவுனில். அப்போது எங்களுக்கு வந்துகொண்டிருந்த இன்டர்நெட் ஒரு கேபிள்காரர் கொடுத்தது. அந்த ஒயர் மின்கம்பத்தில் புறப்பட்டு, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, எதிர் மாடியின் துணிக்கொடியோடு கொஞ்ச தூரம் கைகோத்து நடந்து, களைத்துப்போய் எங்கள் ஜன்னல் வழியே உள்ளே வரும். ஞாயிறு மதியம் தெருவே பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஒரே நேரத்தில் படம் பார்க்க உட்காரும். ஒற்றைக் குழாயில் நாற்பது குடம். எனக்கு ஒரு சொம்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

ஆட்டத்தில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். நெட் நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசமாக இருந்தால் சிவப்பு. என் புள்ளி வெற்றிலை போட்ட வாய் மாதிரி எப்போதும் சிவந்தே இருந்தது. எதிரியைப் பார்த்துச் சுடுவேன். குண்டு போய்ச் சேரும்போது அவன் அங்கிருந்து கிளம்பி டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பான். நான் செத்த செய்தி எனக்குத்தான் கடைசியாக வரும்.

"அங்கிள், நீங்க செத்து அரை நிமிஷம் ஆச்சு," என்பான் அடுகோடிப் பையன். "இன்னும் ஓடிட்டிருக்கீங்களா?"

"என் போன்ல ஓடறேன்பா."

"ஓடுங்க, ஓடுங்க. உடம்புக்கு நல்லது."

நாளாக ஆக ஒரு சூட்சுமம் கற்றுக்கொண்டேன். எதிரி இருக்கும் இடத்தில் சுடக் கூடாது. இரண்டு வீடு தள்ளி, அவன் போகப்போகும் இடத்தில் சுட வேண்டும். பத்துக்கு ஒன்று பட்டது. அதற்கே என் நடையில் ஒரு மிடுக்கு வந்துவிட்டதாக மனைவி சொன்னாள்.

ஒரு ஞாயிறு, புல்வெளி நடுவே என் நெட் சுத்தமாக நின்றுவிட்டது. படம் உறைந்துவிட்டது, குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. வெட்டவெளியில் துப்பாக்கியை நீட்டியபடி அசையாமல் நிற்கும் ஒரு ஆளைப் பார்த்தால் யார்தான் சும்மா போவார்கள்? எதிர்க் குழுவினர் ஒவ்வொருவராக என்னைச் சுட நெருங்கி வந்தார்கள். புல்லில் படுத்திருந்த எங்கள் குழுவின் மற்ற மூவரும் அவர்களை ஒவ்வொருவராகச் சுட்டு வீழ்த்தினார்கள்.

"அப்பா, அசையாத," என்றாள் மகள்.

"நான் எங்கம்மா அசையறேன்."

"மச்சா, புதுசா கட்டற வீட்டு முன்னாடி தொங்க விடுவாங்கல்ல, திருஷ்டி பொம்மை," என்றான் அடுகோடிப் பையன். "அங்கிள் அதான், குரு."

அன்றிலிருந்து அதுவே எங்கள் போர்முறை ஆயிற்று. என்னை ஒரு மைதானத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நெட் தானாக உயிரை விடும். அவர்கள் புல்லில் படுத்துக் காத்திருப்பார்கள்.

அந்தக் காத்திருப்பில்தான் எனக்கு வேண்டியது கிடைத்தது. எதிரி வர ஐந்து நிமிடம் ஆகும், பத்து நிமிடமும் ஆகும். சும்மா படுத்திருக்கும்போது ஆட்கள் பேசுவார்கள். புனேவில் ஹவுஸ் ஓனரின் நாய் மகள் செருப்பை மட்டும் தேர்ந்தெடுத்துக் கடிக்கிறது என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. காலையில் தினமும் கிடைக்கும் அவலைப் பார்த்தாலே இவளுக்குக் குமட்டுகிறது என்பதும், ஒரு வாரம் காய்ச்சலில் தனியாகக் கிடந்தாள் என்பதும். "அம்மாகிட்ட சொல்லிடாத" என்ற வாக்கியம் என் காதுக்கு வருடங்கள் கழித்து வந்தது. குரல் பாதி வரும், பாதி வராது. செல்லரித்த சுவடியைப் பதிப்பிக்கிறவர் போல விட்டுப்போன எழுத்துகளை நானே நிரப்பிக்கொள்வேன்.

மனைவி பள்ளி ஆசிரியை. விடைத்தாள் கட்டோடு கடந்து போகும்போது நின்று பார்ப்பாள்.

"என்ன பண்றீங்க?"

"நிக்கறேன்."

"அதுக்கு ரெண்டு மணி நேரமா?"

"சும்மா நிக்கறது இல்ல. அதுல ஒரு திட்டம் இருக்கு."

"இருபத்தாறு வருஷமா பாக்கறேன்," என்பாள். பிறகு, போகிற போக்கில் கேட்பது மாதிரி, "என்ன சொன்னா?" என்று கேட்பாள். சொல்லக்கூடியதைச் சொல்வேன்.

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. வெளியே தூறல். தூறினால் எங்கள் ஒயருக்கு ஜலதோஷம் பிடிக்கும். மற்ற இருவரும் சீக்கிரமே செத்து, ஆட்டத்தை விட்டு வெளியேறியிருந்தார்கள். மைதானத்தில் நான். புல்லில் மகள்.

"அப்பா," என்றாள். "ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுமா."

"நான் இந்த..." அதற்குப் பிறகு ஒரு கரகரப்பு. "...லாம்னு... ஒரு மாதிரி... முடியல..."

"கேக்கலைமா. திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள். இந்த முறை கரகரப்பு இன்னும் நன்றாகக் கேட்டது.

"இன்னொரு தடவ சொல்லேன். ஒயர்ல ஏதோ..."

"விடுப்பா. அப்புறம் சொல்றேன்."

எனக்குப் புரிந்தது. 'சாப்பாடு' என்பதை மூன்று முறை சொல்லலாம். கஷ்டமான ஒன்றை மூன்று முறை யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு முறை சொல்லவே அவள் எத்தனை ஞாயிறு புல்லில் படுத்திருந்தாளோ. அன்று மாலை போன் செய்து, "என்னமோ சொல்ல வந்தியே?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா. சாப்டியா?" என்றாள். நாற்பது விநாடி.

மறுநாளே கேபிள்காரரைப் பிடித்து ஃபைபர் வேண்டும் என்றேன்.

"குட்த்துடலாம் சார். நாளைக்கு பக்கா."

நாளைக்கு என்பது அவர் அகராதியில் ஒரு திசை, தேதி அல்ல. முதல் வாரம் ஆள் இல்லை. இரண்டாவது வாரம் ஆள் இருந்தான், ஏணி இல்லை. அடுத்து ஏணி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடி வழியாக ஒயர் போகக் கூடாது என்றார். கேபிள்காரர் அவரிடம் கன்னடத்தில் கெஞ்சி, உருதுவில் சிரித்து, தமிழில் கோபித்து ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தார். அந்த இரண்டு ஞாயிறும் என் பழைய நெட் ஆட்டத்துக்குள்ளேயே என்னை விடவில்லை. ஆட்டத்தின் வாசலிலேயே நின்று, திரையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு, பச்சைப் புள்ளியோடு குதித்தேன். புல் தனித்தனியாகத் தெரிந்தது. மகள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

நான்கு நிமிடத்தில் செத்தேன். அடுத்த ஆட்டத்தில் மூன்று நிமிடம். பழக்கதோஷத்தில் எல்லோரையும் இரண்டு வீடு தள்ளியே சுட்டுக்கொண்டிருந்தேன். மனிதர்கள் தெரிகிற இடத்திலேயே இருக்கிறார்கள் என்பது எனக்குப் புது அனுபவம். இத்தனை நாள் மந்தம் ஒயரில் இருக்கிறது என்று நம்பியிருந்தேன். ஒயரை மாற்றிய பிறகு, அது எந்த முனையில் இருந்தது என்று தெளிவாகிவிட்டது.

"புது நெட் செட்டாக டைம் ஆகும் அங்கிள்," என்றான் அடுகோடிப் பையன். திட்டியிருந்தால் பரவாயில்லை. மரியாதையாகச் சொன்னான்.

ஆனால் நான் கவலைப்பட்டது அதற்கில்லை. என்னை நிறுத்தி வைக்கத் தேவையில்லை என்பதால் இப்போது நால்வரும் ஓடினோம். ஓடுகிறவர்கள் பேசுவதில்லை. "லெஃப்ட், லெஃப்ட்", "மாடில ஒருத்தன்", "அப்பா, குனி". ஸ்படிகம் போன்ற குரலில், இரண்டு மணி நேரம், இதுவேதான்.

"என்ன சொன்னா?" என்றாள் மனைவி.

"இடது பக்கம்னு சொன்னா."

அவள் விடைத்தாளுக்குத் திரும்பினாள். அன்று சிவப்பு மை கொஞ்சம் அழுத்தமாக விழுந்ததாக எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிறு இறங்கியதுமே அறிவித்துவிட்டேன்: "நெட் போச்சுமா. அணில் கடிச்சிடுச்சு போல." வாழ்நாள் முழுக்கக் கையேடு எழுதியவனுக்குப் பொய்யிலும் பழுதின் காரணத்தைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை.

"அப்ப பழைய ப்ளான்," என்றான் பையன், கொஞ்சம் நிம்மதியாக. மைதானம் பார்த்து என்னை நிறுத்தினார்கள். போனை மேஜையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நெட் இல்லாமல் நிற்பது சுலபம். நெட் இருந்தும் நிற்பது தவம். குண்டு காதோரம் போகும்போது விரல் தானாக எழும்புகிறது. ஓட முடியும் என்று தெரிந்தும் நிற்கிற களைப்பு இரவுத் தூக்கத்தில் போகிற களைப்பு இல்லை.

இரண்டு எதிரிகள் விழுந்தார்கள். மூன்றாமவன் போகிற போக்கில் எறிந்த வெடிகுண்டில் சென்னைப் பெண்ணும் பையனும் போனார்கள். "நான் கிளம்பறேன் அங்கிள், வீட்ல கூப்டறாங்க," என்றான் அவன். சென்னைப் பெண் சொல்லாமலே போனாள். மைதானத்தில் நான். புல்லில் மகள். யாரும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து, "அப்பா," என்றாள்.

"ம்."

"உன் புள்ளி பச்சையா இருக்கு."

அணிலை இன்னொரு முறை அழைக்க மனசு வரவில்லை.

"அப்படியா?" என்றேன்.

"ஆரம்பத்துலேந்தே பச்சையாத்தான் இருக்கு."

"ம்."

"சரி, அசையாத. நில்லு."

நின்றேன். காற்றில் புல் ஆடியது. எதிர் மாடியில் யாரோ குக்கர் விசிலை எண்ணாமல் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வேலைய விட்டுட்டேன்பா."

"எப்போ?"

"பன்னண்டு நாளாச்சு."

"அன்னிக்கு சொல்ல வந்தது..."

"விட்டுரலாம்னு இருக்கேன்னு சொல்ல வந்தேன். என்ன பண்ணட்டும்னு கேக்கலாம்னு. கேக்கல உனக்கு. அப்புறம் நானே விட்டுட்டேன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நேரத்தைச் சொல்வது மாதிரி சொன்னாள். பன்னிரண்டு நாளில் எத்தனை முறை போன் செய்திருப்பேன், எத்தனை முறை "வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டிருப்பேன், எத்தனை முறை "போகுது" என்றிருப்பாள் என்று எண்ணிப் பார்க்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"தனியாவா இருக்க?"

"ரூம்லதான். பகல்ல தூங்கறேன். நாய் வந்து கதவு பக்கத்துல படுத்துக்குது."

"செருப்ப கடிக்குதா?"

"இல்ல. இப்பல்லாம் கடிக்கறதில்ல." மூக்கை உறிஞ்சும் சத்தம், ஃபைபரில் மிகத் துல்லியமாக வந்தது. "அம்மாகிட்ட..."

"உள்ள இருக்கா. கூப்பிடட்டுமா?"

"வேணாம். கொஞ்ச நேரம் கழிச்சு. மொதல்ல உன்கிட்ட சொல்லிடறேன். அந்த ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னா..."

அப்போது எங்கிருந்தோ ஒருவன் வந்து, நிதானமாக, பக்கத்தில் நின்று, என்னைச் சுட்டான். அவள் ஒரு குண்டுகூடத் திருப்பிச் சுடவில்லை.

"ஐயோ, பாக்கலப்பா," என்றாள். "செத்துட்டியா?"

"பரவால்ல," என்றேன். "நீ சொல்லு."