ஆறு மொட்டைக் கையும் ஒரு சவரக்கத்தியும்

இன்னைக்கு எங்க ஃபேக்டரியில, எங்க லைன்ல அரை மணி நேரம் மெஷின் நின்னதுக்கு நான்தான் காரணம். மேனேஜர் ஃபேஸ்புக்ல இல்லங்கிற தைரியத்துல எழுதுறேன்.

போன மாசம் காயலான் கடையில ஒரு பழைய சவரக்கத்தி கிடைச்சுது. உடம்பெல்லாம் துரு, வாய் ரம்பம் மாதிரி பல்லு பல்லா இருந்துச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கல்லுல தீட்டி, தோல் பெல்ட்டுல இழுத்து, நேத்துதான் ஒருவழியா பதத்துக்கு வந்துச்சு.

கூர் பார்க்கணும்னா கை முடிய மழிச்சுப் பார்க்கணும். தீட்டத் தீட்டப் பார்த்ததுல என் இடது கை ஏற்கனவே மொட்டை. ரூம்ல என்கூட இருக்குற அஞ்சு பேரும், எல்லாரும் எங்க லைன்தான், ஆளுக்கொரு இடது கை நீட்டுனாங்க.

காலையில சேஃப்டி ஆபீசர் ரவுண்ட்ஸ் வந்தாரு. ஒரே லைன்ல ஆறு பேருக்கு ஒரே இடத்துல முடியக் காணோம்.

"இன்னாப்பா இது? மெஷின் கூலன்ட் தண்ணி பட்டு அலர்ஜியா?"

மெஷினை நிறுத்தி, எல்லாரையும் ஃபர்ஸ்ட் எய்ட் ரூமுக்கு அனுப்பிட்டாரு. வேற வழியில்லாம உண்மையைச் சொன்னேன்.

திட்டுவாருன்னு பார்த்தா, என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"கத்தின்னா ஒரு கீறலாச்சும் இருக்கணும்ல? அது இல்லாததாலதான்யா அலர்ஜின்னு நெனச்சேன்!"

சொல்லிட்டு மெமோவும் குடுத்தாரு. அதுல ஒரு வரி: 'ஆறு பேருக்கும் காயம் ஏதுமில்லை.' ஃப்ரேம் போட்டு ரூம்ல மாட்டப்போறேன்.

இன்னொரு கத்தி தீட்டி ரெடியா இருக்கு. ரூம்ல இடது கை தீர்ந்துபோச்சு. உங்கள்ல யாருக்காச்சும் இடது கை சும்மா இருக்கா?