மாமனார் பிடித்த பாவு

அறுபதுகளின் கடைசியில் என் மனைவி பிரசவத்தில் இறந்துபோனாள். மகளை வாலாஜாபாத்தில் என் மாமனார்தான் வளர்த்தார். அவளுக்கு நான்கு வயதானபோது அழைத்துவர நினைத்தேன். ஆனால் அவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. அவர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலை பிள்ளையார்பாளையத்தில், எங்கள் தெருவில், தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவு நூலை நீளமாக நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தோம். அதன் ஒரு முனையைக் கோத்திருந்த கழியை நான் இழுத்துப் பிடித்திருந்தேன். ஈரம் காய்வதற்குள் விட்டால் இழையெல்லாம் சிக்காகிவிடும். வீட்டுக்குள் குழந்தை “தாத்தா” என்று அழுதுகொண்டிருந்தாள். அப்போது மாமனார் வந்து நின்றார்.

“திருடனாட்டம் தூக்கினு வந்துட்டியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையாபா?”

தெருவே பார்த்தது. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் என்னால் தடுக்க முடியாது.

வாசல்வரை போனவர், அழுகையைக் கேட்டபடி சற்று நின்றார். பிறகு திரும்பி வந்து என் கையிலிருந்த கழியைப் பிடித்துக்கொண்டார். அவரும் தறிக்காரர்தான்.

“இத நான் பாத்துக்கிறேன். நீ போய் கொழந்தைய தூக்கு மாப்ளே. இப்பவும் நானே தூக்கினா, அவ உங்கிட்ட எப்ப ஒட்டுவா?”

வெகுநேரம் திமிறி அழுதவள், கடைசியில் என் தோளில் தூங்கிப்போனாள். வெளியே வந்தேன். “மன்னிச்சிடுங்க மாமா” என்றேன்.

“இந்த வாயத் தெறந்து நேத்தே கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?” என்றார்.

அன்று அவர் தனியாகவே ஊர் திரும்பினார். கூச்சம் என்று சொல்லிக்கொண்டு அவருக்கு நான் செய்தது அநியாயம். அதன்பின் அவர் இருந்தவரை மாதம் தவறாமல் மகளோடு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே முதலில் நான்தான் பேசுவேன்.