பட்டவனே சொல்ல வேண்டும்

சிலிகான் எண்ணெய் வாடை எங்கே வந்தாலும் என் முதுகு பஷீரைத் தேடுகிறது.

லான்மடாவ் பேட்டைக் கடையில் எனக்கான, பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கியை அந்த நண்பன்தான் தேர்ந்தெடுத்தான். ஸ்பிரிங் மாற்றி எண்ணெயும் போட்டான். ஞாயிறுகளில் இன்சீன் பக்கம் ஒரு காலிக் குடோனில் நண்பர்கள் சேர்ந்து ஆடுவோம். நடுவர் கிடையாது. குண்டு பட்டவனே "பட்டுச்சு" என்று கையைத் தூக்கி வெளியேற வேண்டும்.

முதுகில் பட்டாலும் நான் சொல்வதில்லை என்று எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

"பொய்யாடா ஆடுறே?" என்றான் பஷீர். மறுவாரம் விறைப்பான ஸ்பிரிங் போட்டு வந்து பின்னாலிருந்து சுட்டான். நான் ஓடிக்கொண்டே இருந்தேன்.

"நில்லுடா. ரத்தம் வருது."

என் சட்டையைத் தூக்கினான். இடது தோளுக்குக் கீழே வெளிறிய தேமல் இருந்ததாம்.

"கிள்ளுறேனே, வலிக்கலையா?"

"எங்கடா கிள்ளுறே?" என்றேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

மருத்துவர் தொழுநோய் என்றார். மாத்திரையில் குணமாயிற்று, அந்த இடத்துக்கு மட்டும் உணர்ச்சி திரும்பவில்லை. மற்றவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய குடோனில் நாங்கள் இருவர் மட்டும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு அவனும் பிழைப்புக்கு மலேசியா கிளம்பினான். விமான நிலையத்தில் என்னை இறுகக் கட்டிக்கொண்டான். அவன் உள்ளங்கை எங்கே இருந்தது என்பது அவன் கேட்டபோதுதான் புரிந்தது.

"பட்டுச்சாடா?"

அந்த இடத்தில் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"பட்டுச்சு, மச்சான்."