என் வீட்டுக்காரி வரிக் கணக்குப் போட்ட கதை

என் வீட்டுக்காரியைப் பற்றி நானே பெருமையடித்தால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் பஸ் ஓட்டுகிறவன். அவள் தையல்காரி. புதுத் துணி தைப்பதில்லை, பழசைச் சரிசெய்து கொடுப்பாள். ஜிப் மாற்றுவது, பேண்ட் உயரம் குறைப்பது, இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்து விடுவது. பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு செருப்புக் கடையின் பின்னறையில் ஒற்றை மிஷினோடு உட்கார்ந்தாள். இன்று தெருவைப் பார்த்த கடை, மூன்று மிஷின், கூட இரண்டு பெண்கள். இடுப்பளவில் பொய் சொல்கிறவர்களை, வாயில் குண்டூசியைக் கவ்வியபடி கண்ணாலேயே பிடித்துவிடுவாள்.

வரி விஷயம் மட்டும் என் தலையில். அதாவது, என் சிநேகிதனான ஆடிட்டரின் தலையில். வருஷம் ஒருமுறை அவன் தாளை நீட்டுவான், நான் படிக்காமல் கையெழுத்துப் போடுவேன்.

இந்த வருஷம் பக்கத்துக் கடை காலியானது. சுவரை இடித்துச் சேர்த்துக்கொள்ள ஆசைப்பட்டு பேங்கில் கடன் கேட்டாள். மூன்று வருஷத்து வரிக் கணக்கைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஆடிட்டரிடம் வாங்கிப் பார்த்தால், கடை என் பெயரில் இருக்கிறது. அவள் பெயருக்கு நேரே, 'வருமானம் இல்லை'. பேங்க் கையை விரித்துவிட்டது.

ஆடிட்டர் வீட்டுக்கே வந்தான். "ஏம்மா, எல்லாம் ஒரே குடும்பத்துப் பணம்தானே? அவன் பேர்லயே லோன் வாங்கிடலாம். நான் முடிச்சுத் தரேன்."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அவள் கத்தியிருந்தால் எப்படியாவது சமாளித்திருப்பேன். "இனிமே நானே எழுதிக்கிறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவன் போன பிறகு, "தப்பாப் போட்டா மாட்டிக்குவோம். வேணும்னா வேற ஆடிட்டரைப் பாக்கலாம்," என்றேன்.

"யாரை வெச்சாலும் கடையைப் பத்தி நான்தானே சொல்லணும்? அதை நேரா எழுதிட்டுப் போறேன்."

ரசீதுப் புத்தகம் ஒன்றைக்கூட அவள் தூக்கிப் போட்டதில்லை. துணி வெட்டும் மேஜையில் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு, கூட்டம் இல்லாத மதிய நேரமாகப் பார்த்துப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்தாள். புரியாத இடத்தைக் குறித்துக்கொண்டு வரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டாள். அங்கே ஒருவர் எரிந்து விழுந்தார். மறுநாளும் அவரிடமே போய் நின்றாள். மூன்றாம் நாள் அவரே உட்காரச் சொன்னாராம்.

ஒருநாள் என்னையும் எதிரே உட்காரவைத்தாள்.

"போன வருஷம் கடையில நீங்க எத்தனை நாள் வேலை பாத்தீங்க?"

யோசித்தேன். "ஷட்டர் மாட்டிக்கிச்சே, அன்னிக்கு."

"ஒரு நாள்," என்று எழுதிக்கொண்டாள். முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

பிறகு ஒரு தாளை நீட்டினாள். இந்தத் தொழில் ஆரம்பம் முதல் என் மனைவியுடையது, எனக்கு இதில் பங்கில்லை என்று நான் எழுதிக் கொடுக்கிற தாள். சுருக்கென்றது. ஆனால் அதில் பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

ஆடிட்டர் குத்துமதிப்பாகக் குறைத்துக் காட்டியிருந்த வருமானம் இப்போது முழுசாக வந்தது. வரியும் அபராதமும் சேர்ந்து, நாலாவது மிஷினுக்கு அவள் சேர்த்துவைத்த பணத்தைத் துடைத்து எடுத்துவிட்டன. "கொஞ்சம் குறைச்சே காட்டியிருக்கலாம்," என்று வாயை விட்டேன்.

"நான் எவ்ளோ சம்பாதிக்கிறேன்னு எனக்காவது தெரிய வேண்டாமா?" என்றாள்.

திருத்திய கணக்கைப் பார்த்து பேங்க் கடனுக்கு ஒப்புக்கொண்டது. துணைக்கு நானும் போயிருந்தேன். மேனேஜர் பழக்கதோஷத்தில் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

"கடை இவங்களோடது சார்," என்றேன்.

பதினோரு வருஷத்தில் இதை நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. பேனாவை எடுக்கப் போனவள், எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.