எண்பத்து நான்காவது தையல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மிளகாய் என்று பெயர். கூட வேலை பார்ப்பவர்கள் வைத்தது. காலை ஆறு மணிக்கு அவள் உள்ளே நுழைந்தால் யாராவது ஒருவருக்குக் கண் எரியாமல் இருக்காது.

அவளுக்கு முப்பத்தேழு வயது. இரண்டாவதாக மகன் பிறந்த கையோடு புருஷன் வெளியூருக்கு வேலை தேடிப் போனான். போன இடத்தில் வேலையோடு சேர்த்து வேறொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். அதன்பிறகு நாலு வருஷத்தில் பிஸ்கட் கம்பெனி, அட்டைப்பெட்டி கம்பெனி, ஆபீஸ் கூட்டிப் பெருக்குவது என்று அவள் ஏறி இறங்காத வாசலில்லை. எந்த இடமும் நிரந்தரமில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஒருவன் சொன்னால், சரி என்று திரும்பி நடக்க வேண்டியதுதான்.

சலவைக்கூடத்தில் மட்டும் ஒரு வழி இருந்தது. வார லீவு தவிர ஒரு நாளும் விடாமல் தொண்ணூறு நாள் வந்தால் வேலை நிரந்தரம். சம்பளத்தோடு லீவு, பிள்ளைகளுக்கு இலவச வைத்தியம். ஒரே ஒரு நாள் தவறினால் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

சூப்பர்வைசரின் நோட்டை அங்கே யாரும் நம்புவதில்லை. அதனால் தற்காலிகக்காரர்கள், ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஏப்ரனின் உள்மடிப்பில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டுக்கொள்வார்கள். நாள் தவறியவள் அத்தனை தையலையும் தன் கையாலேயே பிரித்துவிட வேண்டும். யார் போட்ட சட்டமோ தெரியாது, எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டார்கள். மிளகாயின் ஏப்ரனில் எண்பத்து மூன்று தையல் ஆகியிருந்தபோதுதான் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது.

மகளை ஐந்து நாள் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். இந்தப் பருவத்தில் பத்தொன்பது முறை தாமதமாக வந்தாளாம்.

"லேட்டா வந்ததுக்கு, வரவே கூடாதுன்னு தண்டனையா சார்?"

"விதிமுறை அப்படித்தாம்மா," என்றார் தலைமையாசிரியர். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்து மகளை விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. தம்பியை விடும் காப்பகம் எட்டு மணிக்குத்தான் திறக்கும். பள்ளி மணி எட்டேகாலுக்கு அடித்துவிடும். நடுவில் இரண்டு கிலோமீட்டர். பதிமூன்று வயதுப் பெண் அதைத் தினமும் ஓடியே கடந்திருக்கிறாள். அம்மாவோ ஐந்தரைக்கே கிளம்பிவிடுகிறவள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வழியில் மகளைப் பிடித்துக் கத்தினாள்.

"சொன்னா நீ வேலைக்கு லேட்டா போவே. உன் நாள் போயிடும்," என்றாள் மகள்.

அது மிளகாயின் கோபத்தை இன்னும் கிளப்பியது.

பள்ளியில் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். சஸ்பெண்ட் ஆன பிள்ளைகளைப் பகலில் உட்காரவைத்துப் பாடம் சொல்லித்தர ஒரு சமூக மையம் இருக்கிறதாம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது? ஆனால் சீட்டின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நிபந்தனை: முதல் நாள் காலை பத்து மணிக்குத் தாயோ தகப்பனோ அங்கே நடக்கும் 'குடும்ப நிதி நிலைத்தன்மை' வகுப்பில் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். வராவிட்டால் பிள்ளைக்கு இடமில்லை. பிள்ளை வீட்டில் தனியாக இருந்தால் விசாரணைக்கு ஆள் வருவார்கள்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கெஞ்சினாள். வாழ்நாளில் அவள் கெஞ்சியது அது மூன்றாவது முறையோ என்னவோ.

"நடுவுல ரெண்டு மணி நேரம் போயிட்டு வந்தாலும் அது லீவுதான்," என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் வகுப்பில் பத்துப் பேர், சின்னப் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மகள் பக்கத்து அறையில் பாடத்தில் இருந்தாள். ஏப்ரனும் சாப்பாடும் இருந்த வேலைப் பையை மிளகாய் அவளிடம் கொடுத்திருந்தாள். வகுப்பெடுக்க வந்த மேடத்துக்கு இருபத்தைந்து வயதிருக்கும். சிரித்த முகம். பலகையில் முதல் வரியை அழகாக எழுதினாள்: 'நிலையான வருமானத்தை எக்காரணம் கொண்டும் இழக்காதீர்கள்.'

மிளகாய் எழுந்து நின்றாள்.

"மேடம், ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா."

"இந்த ஒரு வரியைப் படிக்கிறதுக்காக எண்பத்து மூணு நாளைத் தொலைச்சுட்டு வந்திருக்கேன். எந்தக் காரணம் கொண்டும் இழக்கக் கூடாதுன்னா, இந்த வகுப்பு எந்தக் காரணத்துல சேர்த்தி?"

மேடத்தின் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மிளகாய் மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "இந்த நேரத்துக்கு யாருக்கெல்லாம் வேலை இருக்கு? கையைத் தூக்குங்க."

பத்துக் கையும் மேலே போயின. லாரி ஓட்டுபவர், கேன்டீனில் சமைப்பவள், வீட்டு வேலைக்குப் போகிற இரண்டு பேர், எல்லாரும்தான்.

"சாயங்காலம் வைக்கலாம்னு நானும் கேட்டேம்மா," என்றாள் மேடம், குரல் இறங்கி. "அஞ்சு மணிக்கு மேல கட்டடத்தைப் பூட்டிடுவாங்களாம். திறந்து வைக்க வாட்ச்மேன் ஒத்துக்க மாட்டார்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

கடைசி நாற்காலியில் இருந்த ஆள் மெதுவாக எழுந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார்.

"நான்தாங்க அந்த வாட்ச்மேன். என் பையனும் சஸ்பெண்டு. கேட்டை அப்படியே விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை." இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

அறையே சிரித்தது. மிளகாய் சிரிக்கவில்லை. மேடம் பலகையைத் துடைத்துவிட்டு, அடுத்த வகுப்பிலிருந்து மாலை ஆறு மணி என்று எழுதினாள். அந்தப் பெண் எழுதியபடியே செய்தும் காட்டினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்து வந்தவர்களுக்கு அது நல்லதாயிற்று. மிளகாயின் எண்பத்து மூன்று நாள் மட்டும் போனது போனதுதான். மகளிடமிருந்து பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் காலை, சூப்பர்வைசர் நோட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒன்று என்று எழுதினார். படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிக்க முடியும். ஒருத்தி வராவிட்டால் அவள் ஜோடியை அழுக்குத் துணி பிரிக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மிளகாயின் ஜோடி அக்கா முந்தின நாள் முழுக்க அங்கேதான் கிடந்தாள்.

"ரத்தமும் சீழும். இன்னும் மூக்கை விட்டுப் போகலை," என்றாள் அக்கா. பிறகு கத்தரியை நீட்டினாள். "சரி விடு. பிரிச்சிடு. பாத்துக்கிட்டே இருந்தா இன்னும்தான் எரியும்."

மிளகாய் ஏப்ரனின் மடிப்பைப் புரட்டினாள். சிவப்புத் தையல்கள் வரிசையாக இருந்தன. கடைசியில் நீல நூலில் ஒன்று கூடுதலாக இருந்தது, கோணல்மாணலாக. மையத்துக் கைவேலை டப்பாவில் இருந்த நூலாக இருக்கும். நூலில் போட்டுவிட்டால் நாள் திரும்பி வந்துவிடும் என்று நினைத்திருக்கிறாள் பாவி மகள். முடிச்சு போடத் தெரியாமல் நாலைந்து முறை சுற்றியிருந்தாள்.

அவளுக்குக் கண் கலங்கியது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது, பள்ளிக்கூடத்தின்மேல், சீட்டின் பொடி எழுத்தின்மேல், இந்த நோட்டின்மேல்.

"பிரிக்கலையா?" என்றார் சூப்பர்வைசர்.

"உங்க நோட்டுல ஒண்ணுன்னு எழுதிக்கோங்க சார். அது உங்க இஷ்டம். இந்த நூல்ல யாரும் கை வைக்கக் கூடாது."

கத்தரியை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, சூடாக வந்து விழுந்த விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தாள். மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்ததும் அவள் போட்டது எண்பத்தைந்தாவது தையல்.